தச்சுப் பட்டறையில் பிறந்த சர்வகலாசாலை

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவனுக்குச் சர்வகலாசாலை வாசலைக் கண்டாலே ஒரு கூச்சம் உண்டு. நான் இரண்டு வருஷத்தோடு நின்றவன். என் நாவல்களில் எத்தனையோ பட்டதாரிக் கதாநாயகர்களைப் படைத்திருக்கிறேன். ஆனால் யாராவது, "நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்?" என்று கேட்டால் பேச்சை மழை, வெயில் பக்கம் திருப்பிவிடுவேன்.

உகாண்டாவின் தலைநகரமான கம்பாலாவில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது, அந்தக் கூச்சத்தோடுதான் மகரேரே குன்றின் மேல் ஏறினேன். கம்பாலா குன்றுகளின் நகரம். பூமத்திய ரேகை பக்கத்தில்தான் ஓடுகிறது. ஆனாலும் ஊர் ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால், நான் பயந்த வெயில் அங்கே இல்லை. எனக்குச் சுற்றிக் காட்ட வந்தவள் பொதுச் சுகாதாரத்தில் ஆராய்ச்சி செய்யும் ஒரு மாணவி.

உச்சியில் கோபுரத்தோடு நிற்கும் பிரதான கட்டிடத்தை அண்ணாந்து பார்த்தேன். 1941-ல் எழுந்தது. 'தந்தக் கோபுரம்' என்று அதற்குச் செல்லப் பெயர்.

"இந்த இடம் எப்படித் தொடங்கியது, தெரியுமா ஐயா?" என்றாள் அவள். "1922-ல், 14 மாணவர்களோடு. அவர்கள் கற்றது தச்சு வேலை, கட்டிட வேலை, யந்திர வேலை."

எனக்குச் சற்று மூச்சு வந்தது. உளியும் இழைப்புளியும் பிடித்த கைகளா இதைத் தொடங்கி வைத்தன!

பிறகு அது வளர்ந்த கதையைச் சொன்னாள். 1949-ல் லண்டன் சர்வகலாசாலையோடு இணைந்த கல்லூரி; 1963-ல் கிழக்கு ஆப்பிரிக்கச் சர்வகலாசாலையின் ஓர் அங்கம்; 1970-ல் சொந்தக் காலில் நின்ற சர்வகலாசாலை. இன்று 30,000 பேருக்கு மேல் படிக்கிறார்கள். தான்ஸானியாவின் ஜூலியஸ் நையரேரே இங்கே படித்தவர். ஆரம்பத்தில் இதன் இலட்சிய வாசகம் 'ஆண்களாக இருப்போம்' என்பது. 1945-ல் பெண்கள் வந்து சேர்ந்ததும், 'எதிர்காலத்துக்காகக் கட்டுகிறோம்' என்று மாற்றிவிட்டார்களாம். இதைச் சொல்லும்போது அவள் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்!

ஆராய்ச்சிக்கு வர நினைப்பவர்கள் ஒரு கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்திலுள்ள முலாகோ ஆஸ்பத்திரியில் டெனிஸ் பர்க்கிட் என்ற சர்ஜன் இருந்தார். குழந்தைகளின் தாடையில் வரும் ஒருவகைப் புற்றுநோய் அவரை உறங்கவிடவில்லை. 1961-ல் ஒரு பழைய மோட்டாரில் 10,000 மைல் சுற்றி, எந்தெந்த ஊரில் அந்த நோய் உண்டு, எங்கே இல்லை என்று விசாரித்தார். அந்த நோய்க்கு இன்று அவர் பெயர்தான். பெரிய யந்திரங்கள் வருவதற்கு முன்பே நல்ல கேள்வி வந்துவிடுகிறது.

என் தொழிலுக்கு நெருங்கிய கதையும் ஒன்று உண்டு. 1962-ல் இந்தக் குன்றில் ஆப்பிரிக்க எழுத்தாளர் மகாநாடு நடந்தது. இங்கே படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞன், தன் நாவலின் கையெழுத்துப் பிரதியைத் தயங்கித் தயங்கிச் சினுவா அச்செபேயிடம் நீட்டினான். அவன்தான் கூகி வா தியாங்கோ. நாவல் 1964-ல் வெளிவந்தது. அந்த மகாநாட்டுக்கு அழைக்கப்பட்டவர்கள் இங்கிலீஷில் எழுதுகிறவர்கள் மட்டுமே. அது சரிதானா என்று பின்னாளில் உரக்கக் கேட்டு, தாய்மொழியான கிகுயுவில் எழுதத் தொடங்கியவரும் அதே கூகிதான். தன்னையே கேள்வி கேட்கிறவனை வளர்த்தது மகரேரேக்குக் குறைவில்லை; பெருமை.

கஷ்டங்களும் குறைவில்லை. இடி அமீன் காலத்தில், 1972-ல், துணைவேந்தர் பிராங்க் கலிமுஸோவைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவேயில்லை. அதே ஆண்டு ஆசியர்களை 90 நாட்களில் வெளியேறச் சொன்னார்கள், ஆசிரியர்களும் போனார்கள். 2020 செப்டம்பரில் தந்தக் கோபுரமே தீப்பற்றி எரிந்தது.

"கொரோனாவுக்காக மூடியிருந்த சமயம். நான் கிராமத்தில் இருந்தேன். படத்தைப் பார்த்துவிட்டு அம்மாவும் நானும் அழுதோம்" என்றாள். "அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை."

2024-ல் அதே இடத்தில், அதே தோற்றத்தில் மறுபடியும் கட்டித் திறந்திருக்கிறார்கள்.

விடைபெறும் நேரத்தில் அவள் கேட்டேவிட்டாள்: "நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள், ஐயா?"

வானத்தைப் பார்த்தேன். மழைக்கு அறிகுறியே இல்லை. உள்ளதைச் சொன்னேன்.

அவள் ஆச்சரியப்படவில்லை. "அதனால் என்ன? 25 வயதைத் தாண்டியவர்களுக்கு இங்கே தனியாக ஒரு நுழைவுப் பரீட்சை இருக்கிறது" என்று சொல்லி, விவரம் அச்சிட்ட ஒரு தாளை என் கையில் கொடுத்தாள்.

இளைஞர்களே, உங்களுக்கு அந்தக் குன்றைச் சிபாரிசு செய்கிறேன். எனக்கா? அந்தத் தாள் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அதைப் பார்த்த என் மனைவி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். நான் மட்டும் அதைக் கிழித்துப் போடவில்லை.