கைப்பிடியும் அலகும்

ஊர்விட்டு ஊர் வந்து குடியேறிய குடும்பங்களில் பழம்பொருள்கள் மிகுதியாக இரா. புகைவண்டியில் ஏற்றிக் கொணர்ந்தவை ஒரு பித்தளைக் குடம், ஒரு குத்துவிளக்கு, ஒரு சாமி படம் என்ற அளவில் நின்றுவிடும். மற்றவை யாவும் வந்த ஊரில் வாங்கியவையே. காக்ஸ் டவுனில் உள்ள எம் இல்லத்துப் பழம்பொருள்களுள் யாம் பெரிதும் போற்றுவது எம் முன்னோர் வாழ்ந்த குடியாத்தத்திலிருந்து வந்ததன்று, அமெரிக்காவிலிருந்து வந்தது. அஃது எம் தந்தையார் முகம் மழித்துக்கொண்ட ஒரு ரேசர். அதற்கு ஏற்ற பிளேடு தேடி அலைந்த கதையையே இங்குச் சொல்லப் புகுகின்றோம்.

சிறிய பொருளைப் பற்றிப் பெரிய பேச்சு என்று அன்பர்கள் நகைக்கலாம். நல்லொழுக்கம் உடையார்க்குத் தலையை மொட்டையடிப்பதும் வேண்டா, சடை வளர்ப்பதும் வேண்டா என்று வள்ளுவரே சொல்லிவிட்டாரே என்றும் கேட்கலாம். அவர் அதனைத் துறவிகளுக்குச் சொன்னார். காலைச் சங்கு ஊதுவதற்குள் தொழிற்சாலை வாயிலில் நிற்க வேண்டியவர்களுக்குச் சொல்லவில்லை.

தந்தையார் 1941-ஆம் ஆண்டில், தம் இருபதாம் வயதில், பெங்களூர் வந்து சேர்ந்தார். அந்நாளில் இந்நகரம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. மைசூர் மன்னர் ஆட்சிக்கு உட்பட்ட பேட்டை ஒருபுறம். 1809-இல் ஆங்கிலேயர் அமைத்த தண்டு மறுபுறம். தண்டுப் பகுதியில் தமிழே தெருமொழியாக ஒலித்தது. பெங்களூர் கிழக்கு இரயில் நிலையத்தை அடுத்த காக்ஸ் டவுனில் ஓர் ஒற்றையறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு, அல்சூர் வழியாக மிதிவண்டியில் வேலைக்குச் சென்று வந்தார். வேலை, இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில். 1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் துணையோடு தொடங்கிய நிறுவனம் அது. 1943-இல் அத்தொழிற்சாலை அமெரிக்க வான்படையின் பொறுப்பில் வந்தது. டகோட்டா, கேட்டலினா முதலிய போர்க்கால விமானங்கள் அங்கே பழுது பார்க்கப்பட்டன. அவற்றுக்குத் தகடு பொருத்தும் பணியில் தந்தையாரோடு தோள் சேர்த்து உழைத்த அமெரிக்கர் ஒருவர், 1945-இல் தாயகம் திரும்பும்போது நினைவுப் பொருளாகத் தந்து சென்றதே அந்த ஜெம் மைக்ரோமேட்டிக் ரேசர்.

அதன் அமைப்பைச் சிறிது விளக்குதல் வேண்டும். இன்று பலரும் அறிந்த பிளேடு இருபுறமும் கூருடையது; வளையும் தன்மையது; தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். ஜெம் ரேசருக்கு உரிய பிளேடோ ஒருபுறம் மட்டுமே கூருடையது, தடிப்பு 0.23 மில்லிமீட்டர், நீளம் ஏறத்தாழ 38 மில்லிமீட்டர். கூருக்கு எதிர்ப்புறத்தில் மடித்த தகட்டாலான முதுகு ஒன்று இருக்கும். கைப்பிடியின் அடியிலுள்ள திருகைச் சுழற்றினால் ரேசரின் தலை திறக்கும். பிளேடை உள்ளே வைத்து மறுபடியும் திருகினால் மூடிக்கொள்ளும். பிடிக்கும் முறையும் வேறு. மற்ற ரேசர்களைச் சாய்த்துப் பிடிக்கின்றோம். இதன் தலையைக் கன்னத்தோடு படிய வைத்து இழுத்தல் வேண்டும். தடித்த பிளேடு ஆதலால் மயிர் அறுபடும் ஓசை அடுத்த அறை வரையில் கேட்கும். சிறுவயதில் எம்மைத் துயிலெழுப்பியது அவ்வோசையே.

இவ்வகை ரேசரின் குலம் பழையது. நியூயார்க்கில் காம்ப்பே உடன்பிறந்தார் 1880-இலேயே ஒருபுறக் கூருடைய காப்பு ரேசருக்குக் காப்புரிமை பெற்றனர். ஆயினும் உலகத்தை வென்றது பின்வந்த ஜில்லெட்டின் இருபுறக் கூர் பிளேடே. 1903-இல் 51 ரேசர்களும் 168 பிளேடுகளுமே விற்ற அந்நிறுவனம், மறு ஆண்டில் 90,884 ரேசர்களை விற்றது. நம் நாட்டில் பின்னாளில் பெருகிய பாரத், பனாமா, டோபாஸ் முதலிய பிளேடுகள் யாவும் அந்த இருபுறக் கூர் வகையினவே. ஒருபுறக் கூர் பிளேடு கடல் கடந்தே வரவேண்டியிருந்தது.

ஐம்பதுகளின் நடுவில்கூட கமர்ஷியல் தெருவுக்கு அருகில் ஒரு கடையில் அது கிடைத்து வந்தது. சம்பள நாளில் தந்தையார் ஒரு பொட்டலம் வாங்குவார். 1957-இல் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றி, அயல்நாட்டு நுகர்பொருள்களுக்குக் கடுங்கட்டுப்பாடு வந்தபின், கடைக்காரர் கைவிரித்துவிட்டார். இருந்த பிளேடுகளைத் தந்தையார் உயிரெனக் காத்தார். அக்காலத்துப் பிளேடு கரி எஃகினால் ஆனது; ஈரம் பட்டால் துருவேறும். ஆதலால் ஒவ்வொரு முறையும் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவி வைப்பார். மழுங்கினால் கண்ணாடித் தம்ளரின் உட்புறத்தில் முன்னும் பின்னும் தேய்த்துக் கூரேற்றுவார். அண்டை வீட்டு ஆங்கிலோ இந்தியப் பெரியவர் இதைக் கண்டு சிரிப்பார். அவரிடம் இங்கிலாந்தின் ரோல்ஸ் ரேசர் இருந்தது. அதன் பெட்டி மூடிகளிலேயே சாணைக்கல்லும் தோல்வாரும் அமைந்திருக்கும். ஒரே பிளேடு பல்லாண்டு உழைக்கும். “உமது ரேசர் கடைக்காரனை நம்பியது, எனது ரேசர் என் கையை நம்பியது” என்பார். 1962 வாக்கில் தந்தையாரின் கடைசிப் பிளேடும் தேய்ந்தது. ரேசரை எண்ணெய்த் துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்துவிட்டு ஊரோடு ஒத்து இருபுறக் கூருக்கு மாறினார். அதைப்பற்றிப் பிறகு பேசியதே இல்லை.

நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்து, 2006-இல், பேச்சு எழுந்தது. எண்பத்தைந்து வயதில் அவருக்கு நடுக்குவாதம் முற்றியிருந்தது. விமானத் தகட்டில் மயிரிழை பிசகாமல் துளையிட்ட விரல்கள் காப்பித் தம்ளரைத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து மழிக்கும் முடிதிருத்துநர், பிளேடைப் பாதியாக முறித்துக் கத்தியில் பொருத்துவதைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். தாடி வளர்ந்தது. கண்ணாடியைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். ஒருநாள் எம்மை அழைத்து, “தம்பி, அந்தத் தகரப் பெட்டியில் என் ரேசர் இருக்கும். அதற்குப் பிளேடு கிடைத்தால் நீயே மழித்துவிடு. அது கனமானது, தானாகவே நிற்கும், உன் கைக்கும் அடங்கும்” என்றார். எம்மிடம் அவர் அதற்கு முன் எதுவும் கேட்டவர் அல்லர்.

தேடத் தொடங்கினோம். கமர்ஷியல் தெருவில் பழைய கடையின் இடத்தில் வேறு கடை இருந்தது. ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றிய சந்துகளிலும், சிவாஜி நகர்க் குஜிரியிலும், சிக்பேட்டை ஞாயிறு சந்தையிலும் ரேசரைக் கையில் ஏந்தியே கேட்டோம். பழைய ரேசர்களை விற்பவர் இருந்தனர். பிளேடு விற்பவர் இல்லை. “இது எந்தக் காலத்துச் சரக்கு, சார்?” என்றார் ஒருவர். அயல்நாட்டு நுகர்பொருள்களுக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலிலேயே நீங்கிவிட்டன. சட்டம் தடுக்கவில்லை. எனினும், கேட்பார் இல்லாத பொருளை எந்தக் கடைக்காரர் தருவிப்பார்?

முடிவில் இரும்புச் சாமான் கடையொன்றில் அதே வடிவில், அதே முதுகோடு ஒரு பெட்டி பிளேடு கிடைத்தது. மகிழ்ச்சியோடு ஓடி வந்து ரேசரில் வைத்தோம். இம்மியும் பிசகாமல் பொருந்தியது. வெந்நீரால் முகம் நனைத்து, சோப்பு நுரை பூசி, கன்னத்தில் வைத்து இழுத்தோம். ஓசை எழவில்லை, தந்தையாரின் உடல் மட்டும் ஒரு கணம் விறைத்தது. நுரையின் ஊடே ஒரு செங்கோடு தோன்றியது. முதியவரின் தோல் மெல்லிய தாள் போன்றது. படிகாரக் கல்லை எடுத்து அழுத்தினோம். எம் கை நடுங்கியது; அவருடையது அப்பொழுது நடுங்கியதாக நினைவில்லை.

அவர் எம்மைக் கடியவில்லை. பிளேடைக் கேட்டு வாங்கி, பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து நெடுநேரம் நோக்கினார். “கை உன்மேல் குற்றமில்லை. இது பெயிண்ட் சுரண்டுகிற பிளேடு. சுவருக்குத் தீட்டிய கூர் வேறு, தோலுக்குத் தீட்டிய கூர் வேறு. அளவு ஒன்றாக இருந்தால் பொருள் ஒன்றாகிவிடாது” என்றார். முப்பத்தெட்டு ஆண்டுகள் விமானத் தகட்டோடு பழகிய கண் அது.

பின்னர் விசாரித்ததில் அவர் சொன்னது முற்றும் மெய் என்று விளங்கியது. கண்ணாடியிலும் மரத்திலும் ஒட்டிய பெயிண்டைச் சுரண்டுவதற்கென அதே வடிவில் பூச்சில்லாத கரி எஃகுப் பிளேடு செய்கின்றனர். பெரும்பாலும் நூறு நூறாகப் பெட்டியிலிட்டு மலிவாக விற்கின்றனர். முகத்துக்கு உரியதோ துருவேறா எஃகினால் ஆனது. தோலில் வழுக்கிச் செல்லக் கூரின்மீது மெல்லிய பூச்சும் உடையது. அறுபதுகளின் தொடக்கத்தில் வில்கின்சன் நிறுவனம் துருவேறாப் பிளேடை விற்கத் தொடங்கியபின் உலகெங்கும் பரவிய முறை அது. பழைய ஒருபுறக் கூர் ரேசரை வீட்டில் வைத்திருப்போர் இதனை மட்டும் மறவாதிருத்தல் நலம். வடிவைப் பார்த்து வாங்கற்க. துருவேறா எஃகா, பூச்சுடையதா, முகத்துக்கென்று உறைமேல் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குக.

அத்தகைய பிளேடு அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து வெரோனா என்னும் ஊரில் அன்றும் செய்யப்பட்டு வந்தது. நியூஜெர்சியில் வாழும் எம் தங்கை மகளிடம் தொலைபேசியில் சொன்னோம். “மாமா, இங்கே மருந்துக் கடையிலேயே தொங்குகிறது” என்றாள். ஊரெல்லாம் தேடிய பொருள் ஓரிடத்தில் கேட்பாரின்றித் தொங்கிக்கொண்டிருந்தது! 2007 பொங்கலுக்கு வந்தவர் ஒருவரிடம் ஐந்து பொட்டலங்கள் கொடுத்தனுப்பினாள்.

இம்முறை தந்தையாரே உறையைப் பிரித்தார். பிளேடை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையசைத்தார். “கன்னத்தோடு படிய வை. அழுத்தாதே. அதன் கனமே போதும்” என்றார். இழுத்தோம். அவ்வோசை எழுந்தது. எட்டு வயதில் பாயில் படுத்துக் கேட்ட அதே ஓசை. அடுக்களையிலிருந்து எம் அன்னையார் எட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் மறுபடியும் உள்ளே சென்றுவிட்டார். மழித்து முடித்ததும் தந்தையார் கண்ணாடியைக் கேட்டார்.

அன்று முதல் நான்கு மாத காலம், ஒருநாள் விட்டு ஒருநாள், காலை வெயில் திண்ணைக்கு வரும் நேரத்தில் அப்பணி நடந்தது. எம் வாழ்நாளில் அவர் முகத்தை யாம் தொட்டது அந்நாள்களில்தான். தொழிற்சாலையையும், அமெரிக்க நண்பரையும், தண்டில் அரிசி கிடைக்காத போர்க்காலத்தையும் அவர் சொல்லக் கேட்டதும் அப்போதுதான். மே மாதத்தில் ஒரு பின்னிரவில் காலமானார். முந்திய நாள் மழித்திருந்தோம். குடியாத்தத்திலிருந்து வந்த உறவினர், “முகம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது” என்று சொல்லிச் சொல்லி அழுதனர்.

அந்த ரேசர் இன்று எம் மகனிடம் ஜெர்மனியில் இருக்கிறது. பெட்டியில் வைத்துப் பூசிப்பதற்காக அவன் கொண்டுசெல்லவில்லை, நாள்தோறும் பயன்படுத்துகிறான். பிளேடை எங்கிருந்தோ கேட்டுத் தருவித்துக்கொள்கிறான்.

அயல் மண்ணில் வாழும் நம் குடும்பங்களின் தமிழை நினைக்கும்போதெல்லாம் அந்த ரேசரும் நினைவுக்கு வருகின்றது. கைப்பிடி தந்தையிடமிருந்து தானே வந்துவிடும். அதில் பொருத்தும் அலகை ஒவ்வொரு தலைமுறையும் தானே தேடிப் பெறல் வேண்டும். தேய்ந்தால் மறுபடியும் தேட வேண்டும். கேட்பார் இல்லையேல் எந்தக் கடையிலும் அது இராது. சென்ற மாதம் மகன் தொலைபேசியில் பேசும்போது, அவன் மகள் அருகிலிருந்து, “தாத்தா, அப்பா ஷேவ் பண்ணும் சத்தத்தில் நான் எழுந்துவிடுகிறேன்” என்று குறைகூறினாள். தமிழில்தான் கூறினாள்.