பழி யாருக்கு?

பாட்டு எதற்கு? கேட்போர் களிப்பதற்கே என்பர் சிலர். நாட்டு நடப்பைப் பாட்டிற் கலந்தால் இசையின் இனிமை கெடும் என்றும், பாடுவோர் பாடிவிட்டுப் போகவேண்டுமேயன்றி நியாயம் பேசலாகாது என்றும் அவர்கள் கூறுவர். இக்கூற்று எவ்வளவு தூரம் பொருந்தும் என்று ஆராய்வதற்கு, அமெரிக்கப் பாடகியார் ஷெமேகியா கோப்லண்ட் அம்மையாரினும் தக்க சான்று நமக்குத் தோன்றவில்லை.

அம்மையார் பாடுவது புளூஸ் எனப்படும் இசை. அடிமைத்தளை சட்டப்படி நீங்கியும் வறுமைத்தளை நீங்காத கறுப்பின உழைப்பாளிகளிடையே, அமெரிக்காவின் தென் மாநிலங்களில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அது உருப்பெற்றது. அதன் அமைப்பு எளியது. முதலடி ஒரு துன்பத்தைச் சொல்லும். இரண்டாமடி பெரும்பாலும் அதனையே திரும்பச் சொல்லும். மூன்றாமடி அதற்கு மறுமொழி கூறும். ஒன்றையே இருமுறை சொல்வானேன்? எளியவன் குறையை உலகம் ஒருமுறையில் செவிக்கொள்வதில்லை என்பதே காரணமாகும் என நாம் கருதுகிறோம்.

அம்மையார் 1979இல் நியூயார்க் நகரத்து ஹார்லெம் பகுதியிற் பிறந்தவர். தந்தையார் ஜானி கோப்லண்ட், டெக்சஸ் மாநிலத்துக் கித்தார்க் கலைஞர். எட்டு வயதுச் சிறுமியாக இருந்தபோதே மகளை அவர் மேடையேற்றினார். 1997இல் தந்தை மறைந்தார். அடுத்த ஆண்டே மகளின் முதல் இசைத்தட்டு, சிகாகோ நகரத்து அல்லிகேட்டர் நிலையத்தின் வாயிலாக வெளிவந்தது.

தாம் ஒரு மகவுக்குத் தாயான பின்னர், அம்மகவு வளரவேண்டிய நாடு எத்தகையது என்ற கேள்வி அவர் பாட்டுக்களில் ஓங்கி ஒலிக்கலாயிற்று. 2018, 2020, 2022 ஆகிய ஆண்டுகளில் வந்த மூன்று தொகுப்புக்களும் அக்கேள்வியிற் பிறந்தவையே. அவற்றுள் 2020ஆம் ஆண்டுத் தொகுப்பில் குளோட்டில்டா என்னும் கப்பலைப் பற்றிய பாட்டொன்று உண்டு. வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொணர்தல் 1808 முதல் அமெரிக்காவில் தடுக்கப்பட்டிருந்தும், 1860இல் சுமார் 110 ஆப்பிரிக்கரை அலபாமா மாநிலத்து மொபைல் துறைக்கு அக்கப்பல் களவாகக் கொண்டுவந்தது. குற்றத்தை மறைக்கக் கப்பலுக்குத் தீயிட்டு ஆற்றில் அமிழ்த்தினர். அதன் எச்சம் அதுவேயென்று 2019இல் உறுதியாயிற்று. நூற்றைம்பது ஆண்டுகட்கு மேலாக ஆறு மறைத்து வைத்திருந்ததை அடுத்த ஆண்டே பாட்டு ஊரறியச் சொல்லிவிட்டது.

2024 ஆகஸ்டில் வெளிவந்த தொகுப்பின் பெயர் ‘பிளேம் இட் ஆன் ஈவ்’. பழியை ஏவாள் தலையிற் போடு என்பது பொருள். விலக்கப்பட்ட கனியை ஆதாமும் உண்டான். ஆனால் கேள்வி வந்தபோது பெண்ணைச் சுட்டிக் காட்டினான். அன்று நீட்டிய விரலை ஆண் உலகம் இன்னும் மடக்கவில்லை. அம்மையார் இதனைக் கண்ணீரோடு பாடவில்லை; எள்ளி நகையாடிப் பாடுகின்றார். பாட்டு வந்த காலத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1973 முதல் நாடு முழுதும் பெண்களுக்கு இருந்துவந்த கருக்கலைப்பு உரிமையை, அமெரிக்க உச்சநீதிமன்றம் 2022 ஜூனில் நீக்கிற்று. பல மாநிலங்கள் அதனைத் தொடர்ந்து தடைச்சட்டங்களை நடைமுறைப்படுத்தின. பெண்ணின் உடலைப் பற்றிப் பெண்ணைத் தவிர மற்றெல்லாரும் தீர்ப்புக் கூறும் நாளில், நகைப்பும் ஓர் ஆயுதமே.

இத்தொகுப்பில் நம் உள்ளத்தைத் தைத்தது, ரூபஸ் பெய்ன் என்னும் தெருப்பாடகரைப் பற்றிய பாட்டு. அலபாமாவில் வாழ்ந்த அக்கறுப்பினக் கலைஞர், ஹாங்க் வில்லியம்ஸ் என்னும் வெள்ளைச் சிறுவனுக்கு இசை பயிற்றினார். சிறுவன் வளர்ந்து கன்ட்ரி இசையின் தலைமகனாகப் புகழெய்தினான். ஆசானோ 1939இல் வறியராய் மாண்டார். அவரைப் புதைத்த இடம் இன்னதென்று குறிக்க அந்நாளில் ஒரு கல்லும் இல்லை. மாணவன் பெயர் அறிந்தோர் கோடி. ஆசான் பெயர் அறிந்தோர் எத்தனை பேர்? அம்மையார் அப்பெயரைப் பாட்டின் தலைப்பிலேயே வைத்துவிட்டார். இதுவன்றோ கடன் தீர்த்தல்!

பாட்டுக்களிற் பெரும்பாலானவற்றை எழுதியோர் ஜான் ஹான், வில் கிம்ப்ரோ என்னும் ஆடவர் இருவர். பின் அம்மையாருக்குப் பெருமை ஏது என்று வினவலாம். சொல் எவருடையதாயினும், கூட்டத்தின் முன் நின்று அதனைத் தன் சொல்லாக ஏற்பவர் பாடுபவரே. வரும் வசையும் அவருக்கே. அன்றியும், தொகுப்பு முழுவதும் அறவுரையன்று. வேலை முடிந்த மாலையில் மதுக்கிண்ணத்தோடு இளைப்பாறும் வேடிக்கைப் பாட்டும் அதில் உண்டு. தந்தையார் இயற்றிய காதற்பாட்டும் உண்டு. உழைக்கும் மக்கள் சிரிப்பதும் காதலிப்பதும் புளூசுக்குப் புறம்பானவையல்லவே.

அம்மையாரின் மேடை நிகழ்ச்சிகளை நாம் ஒளிப்பதிவிலேதான் கண்டோம். தந்தையாரின் பழைய பாட்டான, நகரச் சேரிக் குழந்தையைப் பற்றிய ‘கெட்டோ சைல்ட்’டை அவர் பல மேடைகளிற் பாடுவதுண்டு. பாட்டு உச்சத்தை எட்டும் வேளையில், அவர் ஒலிவாங்கியை விட்டு விலகி, மேடையின் விளிம்பிற்கு வந்து, வெறுங்குரலிற் பாடுவார். வாத்தியங்கள் அடங்கிவிடும். அத்தனை பெரிய கூட்டத்தில் இருமல் ஒலியும் எழாது. கருவியின் துணையின்றிக் கடைசி வரிசைவரை சென்று சேர்கின்றது அக்குரல். ஏழைக் குழந்தையின் முறையீட்டை உரக்கச் சொல்வதற்கு எந்திரம் வேண்டா, நெஞ்சுரமே வேண்டும் என்பதை இதனினும் தெளிவாக எவரும் கூறிவிட முடியாது.

நியாயத்தைச் சொன்னால் இசை கெடும் என்போர் அந்த வேளையை ஒருமுறை கேட்கட்டும். கெட்டது யாதென்று பிறகு சொல்லட்டும். இசை கெடுவதில்லை, பழியைப் பிறர் தலையில் வைத்துவிட்டுச் சுகமாக உறங்குவோரின் உறக்கமே கெடுகின்றது. அது கெடுவது நல்லதே.