உள்ளி மணக்கும் பணிஸ்

நாற்பது ஆண்டுகள் பத்திரிகை அலுவலகங்களில் இரவுப் பணி பார்த்தவனுக்கு இராச் சாப்பாடு என்பது மேசையில் மூடிவைத்த தட்டு ஒன்றுதான். கடைசிப் பக்கம் அச்சுக்குப் போன பின் நான் வீடு திரும்பும்போது பிள்ளைகள் உறங்கியிருப்பார்கள். தட்டில் ஆறிப்போன இடியப்பமும் சொதியும் இருக்கும். எங்கள் வீட்டில் எல்லோரும் ஏழரை மணிக்கு ஒன்றாக அமர்ந்து உண்பார்கள் என்பதையே ஓய்வு பெற்ற பின்னர்தான் அறிந்துகொண்டேன்.

கடந்த மாதம் மகள் தன் பிள்ளையுடன் ரொறன்ரோவிலிருந்து வெள்ளவத்தைக்கு வந்திருந்தாள். பேத்திக்கு ஒன்பது வயது. இடியப்பம் வேண்டாம், புட்டு வேண்டாம், அங்கே உணவகத்தில் சாப்பிடும் உள்ளி பணிஸ்தான் வேண்டும் என்றாள். என் மனைவியின் முகம் வாடிவிட்டது. அரிசி மா இடித்து வறுத்து ஒரு வாரமாக ஆயத்தம் செய்தவள் அவள். நிலைமையைச் சமாளிக்க, "நான் செய்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். எவரும் நம்பவில்லை.

பாண் என்ற சொல் போர்த்துக்கேயர் எங்களுக்கு விட்டுச் சென்றது. எழுபதுகளின் முற்பகுதியில் அந்தப் பாணுக்காக விடியுமுன் அப்பாவுடன் வரிசையில் நின்றிருக்கிறேன். அந்த வரிசைகளைப் பற்றிப் பின்னாளில் பத்தி பத்தியாக எழுதியும் இருக்கிறேன். ஆனால் ஒரு பிடி மாவைக்கூடக் கையால் குழைத்ததில்லை.

அதன் பலன் முதல் முயற்சியிலேயே தெரிந்தது. கொதித்த பாலை ஈஸ்டின் மேல் ஊற்றினேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மா கல்லைப் போலக் கிடந்தது. வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி அப்போதுதான் வாய் திறந்தாள்: "ஈஸ்டை அவித்துப் போட்டீர்கள். பிள்ளையைக் குளிப்பாட்டும் சூடு போதும். அப்பத்துக்குக் கள்ளு விட்டுப் புளிக்க வைக்கிற ஆட்களுக்கு அது தெரியும். உங்களுக்கு எங்கே தெரியப் போகுது?"

இரண்டாம் முறை அவளே பக்கத்தில் நின்றாள். மூன்று கோப்பை கோதுமை மா, இரண்டு தேக்கரண்டி ஈஸ்ட், ஒரு மேசைக்கரண்டி சீனி, ஒரு தேக்கரண்டி உப்பு, சிறிது பட்டர், வெதுவெதுப்பான பால் ஒரு கோப்பை. மா கையில் ஒட்டாமல் இழுபடும் வரை பத்து நிமிடம் குழைக்க வேண்டும். எங்கள் ஊர் வெக்கைக்கு முக்கால் மணி நேரத்தில் இரட்டிப்பாகப் பொங்கிவிடும். பின்னர் பன்னிரண்டு உருண்டைகளாக்கி, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் தட்டத்தில் அடுக்கி, இன்னும் அரை மணி நேரம் விட்டு, 190 பாகை சூட்டில் இருபது நிமிடம் வேகவைக்க வேண்டும். மகள் எப்போதோ வாங்கித் தந்த அவண் அது. அதுவரை அப்பளப் பேணிகளை வைக்கத்தான் உதவியது.

உள்ளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முழுப் பல்லில் அந்த மணம் இல்லை. நசுக்கும்போதுதான் அது பிறக்கிறது. ஆனால் பணிஸின் மேல் முன்கூட்டியே பூசினால் கருகிக் கசக்கும். ஆகவே எட்டுப் பல்லை நசுக்கி, பட்டருடன் மெல்லிய நெருப்பில் ஒரு நிமிடம் உருக்கி, பணிஸை வெளியே எடுத்த சூட்டோடு பூசினோம். பார்ஸ்லி கிடைக்கவில்லை. மனைவி கொத்தமல்லி இலையை அரிந்து தூவினாள். அதுவே மேல் என்பது என் கட்சி.

ஏழரை மணிக்கு அமர்ந்தோம். பேத்தி ஒன்றைப் பிய்த்து, எவரும் சொல்லாமலே, அம்மம்மாவின் சொதியில் தோய்த்தாள். பிறகு இன்னொன்று. மனைவி எதுவும் சொல்லவில்லை. ஆனால் சொதிச் சட்டியைப் பிள்ளையின் பக்கம் தள்ளி வைத்தாள்.

மேசையை ஒதுக்கும்போது கவனித்தேன். எஞ்சிய ஒரு பணிஸைத் தட்டில் வைத்து, இன்னொரு தட்டால் மூடிக்கொண்டிருந்தாள். இனி யார் வரப் போகிறார்கள் என்று கேட்டேன். கையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பழக்கம்" என்றாள்.

பதினொரு மணிக்கு எழுந்து போய் அதைச் சாப்பிட்டேன். ஆறியிருந்தது. உள்ளி மட்டும் இன்னும் மணத்தது.