பார்த்துக் குத்தலாமே!

நாள்பட்ட நோயோட ஆஸ்பத்திரியில கிடக்கிற குழந்தைங்களுக்கு மருந்தைவிடப் பெரிய வில்லன் ஒண்ணு இருக்கு மக்களே. நரம்பு கிடைக்காதது! (புத்தகத்துல இதுக்குப் பேரு சிரை. நம்ம வாய்க்கு எல்லாமே நரம்புதான்.)

அக்கா பையனுக்கு அஞ்சு வயசு. ரத்தப் புற்றுநோய், ஏ.எல்.எல். வகை. வைத்தியம் ரெண்டு மூணு வருஷம் ஓடும். முதல் வாரத்துலயே ரெண்டு கையிலயும் குத்த இடம் பாக்கியில்லை. ஒருநாள் ஆறு தடவை குத்தினாங்க. நான்தான் காலைப் பிடிச்சுக்கிட்டேன். அப்புறம் நீல உடுப்புல யார் வந்தாலும் கையை முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சுக்குவான். தண்ணி கேன் போட வர்ற அண்ணனைப் பார்த்தும்கூட.

பொட்டி தட்டுறவனுக்கு மனசு கனத்தா என்ன பண்ணுவான்? உட்கார்ந்து படிப்பான். படிச்சேன்.

1953ல செல்டிங்கர்னு ஒரு ஸ்வீடன் டாக்டர் வழி சொன்னார். ஊசியைக் குத்து, அதுவழியா மெல்லிசா ஒரு கம்பியை விடு, ஊசியை உருவு, கம்பி மேலயே குழாயை ஏத்து, கம்பியை எடு. அவ்ளோதான்! அவர் தமனிக்குச் சொன்னது, இன்னிக்கு சிரைக்கும் அதேதான்.

ஆனா முதல் ஊசி சரியான இடத்துல இறங்கணுமே? அங்கதான் அல்ட்ராசவுண்ட் வருது. தோல் மேல வெச்சா ரத்தக்குழாய்கள் கறுப்பு வட்டமா தெரியும். லேசா அழுத்தினா சிரை நசுங்கும். தமனி சுலபத்துல நசுங்காம துடிச்சுக்கிட்டே இருக்கும். பிரிட்டன்ல நைஸ் அமைப்பு (பேரே நைஸ்!) 2002லயே, கழுத்துச் சிரையில குழாய் போட இதைப் பயன்படுத்தச் சொல்லிடுச்சு, குழந்தைங்களுக்கும் சேர்த்து.

பிக் லைன்னு ஒண்ணு. கையில நுழைஞ்சு இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய சிரை வரைக்கும் போற குழாய். அளவு ஃபிரெஞ்ச் கணக்கு. 3 ஃபிரெஞ்ச்னா 1 மில்லிமீட்டர் தடிமன். முனை சரியா நிக்குதான்னு எக்ஸ்ரேயில பார்த்துக்கலாம். மாசக்கணக்கா, வருஷக்கணக்கா வேணும்னா போர்ட். நெஞ்சுத் தோலுக்கு அடியில சின்ன டப்பி. வின்கிறிஸ்டின் மாதிரி மருந்து நரம்புக்கு வெளியே கசிஞ்சா சதையே புண்ணாகும். அதனால இது வெறும் சொகுசுச் சமாச்சாரம் கிடையாது.

சிக்கலும் உண்டு. கிருமி தொத்தலாம், ரத்தம் உறையலாம். குழாய் இருக்கிற குழந்தைக்குக் காய்ச்சல்னா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். போர்ட் வைக்க மயக்க மருந்து வேணும், ரத்த அணுக்கள் கணக்கும் ஒத்து வரணும். அதனால எல்லாருக்கும் முதல் நாளே முடியாதுங்கிறது நியாயம்தான். ஆனா கீழ் மாடியில மிஷின் சும்மா இருக்கறப்ப மேல் மாடியில ஆறாவது தடவை தடவிப் பார்த்துக் குத்துறது என்ன நியாயம்?

அக்காதான் கேட்டா. "அடுத்த தடவை படம் பார்த்துப் போடுவீங்களா சார்?" போட்டாங்க. ஒரே குத்து.

உங்க வீட்டுக் குழந்தைக்கும் ரெண்டு தடவை தப்பினா மூணாவதுக்கு முன்னாடி மரியாதையா கேளுங்க. மரத்துப்போற களிம்பு இருக்கான்னும் கேளுங்க. ஒரு மணி நேரம் முன்னாடியே தடவணும். கேட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. கோவிச்சாத்தான் என்ன?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வெறும் மாமா.