கண்ணை மூடிய கை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தீபாவளி விடுமுறையில், அப்போது நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எங்கள் மகளைத் திரைப்படத்துக்கு அழைத்துச் சென்றோம். படத்தின் பெயர் இங்கே வேண்டாம். சொல்லவந்த குறை படத்தினுடையதன்று. விளக்குகள் அணைந்து தணிக்கைச் சான்றிதழ் திரையில் தோன்றியதும் அரங்கில் விசில் பறந்தது. "யுஏன்னா என்னம்மா?" என்று கேட்டாள். "நாங்க கூட இருந்தா நீ பார்க்கலாம்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தோம்.

இடைவேளைக்குப் பின், ஒருவனை அவன் பிள்ளையின் கண்ணெதிரிலேயே அடித்துக் கொல்லும் காட்சி வந்தது. எங்களில் யார் முந்தியது என்று நினைவில்லை. இருவர் கைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அவள் கண்களை மூடின. காட்சி முடிந்ததும் கைகளை எடுத்துக்கொண்டோம். கடமையைச் செய்துவிட்டதாகவே எண்ணினோம். அன்றிரவு அவள் தன் படுக்கையை விட்டு எங்கள் நடுவில் வந்து படுத்தாள். மறுநாளும், அதற்கடுத்த நாளும் அப்படியே. ஐந்தாம் நாள் இருட்டில் சொன்னாள்: "கண்ணைத்தானே மூடினீங்க. காதை மூடலையே."

அந்தப் பிள்ளையின் அலறல் முழுவதையும் அவள் கேட்டிருக்கிறாள். திரையில் சில நொடிகளில் முடிந்துபோன காட்சியை, பார்க்காத காரணத்தாலேயே, இரவுதோறும் தானாக வரைந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அதன் பிறகுதான் அந்த இரண்டு எழுத்துகளைப் பற்றி யோசிக்கத் தொடங்கினோம். நம் நாட்டில் எல்லாரும் பார்க்கத்தக்க யு, வயது வந்தோருக்கு மட்டுமான ஏ என்ற இரண்டுக்கும் இடையில் யுஏ என்னும் படி 1983 இல் வந்தது. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் பெற்றோரின் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்பதே அப்போது அதன் பொருளாக இருந்தது. அமெரிக்காவிலும் இத்தகைய இடைவெளி ஒன்று உணரப்பட்டு, ஸ்பீல்பெர்க்கின் இந்தியானா ஜோன்ஸ் படம் ஒன்றும் 'கிரெம்லின்ஸ்' படமும் பெற்றோரிடையே எழுப்பிய முணுமுணுப்புக்குப் பின், 1984 இல் பிஜி-13 என்ற வகை உண்டானது. சட்டம் எங்களிடம் கேட்டது வழிகாட்டுதலை. நாங்கள் கொடுத்ததோ ஓர் உள்ளங்கையை.

இந்த எழுத்துகள் குழந்தைக்காக ஏற்பட்டவை என்பதே நம்மிடையே மறந்துபோயிருந்தது என்றும் தோன்றுகிறது. தமிழ்நாட்டில் 2011 முதல், கேளிக்கை வரிவிலக்குப் பெற யு சான்றிதழும் ஒரு நிபந்தனையாயிற்று. 2017 இல் ஜி.எஸ்.டி. வரும்வரை, ஒரு படம் யு பெற்றது என்ற செய்தியைப் பலரும் வரிக் கணக்காகவே படித்தோம். எந்த வயதுப் பிள்ளைக்கு இது உகந்தது என்ற கேள்வி அதில் எங்கோ பின்னுக்குப் போயிற்று.

2023 ஆம் ஆண்டுத் திருத்தம் யுஏ வகையை 7, 13, 16 என மூன்று வயதுப் படிகளாகப் பிரித்திருக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆயினும் அந்த எண் பெற்றோர் எண்ணிப் பார்ப்பதற்கான குறிப்பே. வாயிலில் நிற்பவர் அதைக் காட்டிப் பிள்ளையைத் தடுக்க இயலாது. தடை என்பது ஏ சான்றிதழுக்கு மட்டுமே. முடிவு இன்றும் நம் மடியில்தான் இருக்கிறது.

சென்ற கோடையில் லண்டனிலிருந்து வந்த உறவினரின் எட்டு வயது மகன் ஒரு வீடியோ கேம் பெட்டியோடு எங்கள் வீட்டில் தங்கினான். ஐரோப்பிய விளையாட்டுகளுக்கு 2003 முதல் பெகி என்ற தரக்குறியீடு வழங்குகிறது. முன்பக்கம் வயது, பின்பக்கம் சிறு படங்கள். வன்முறைக்கு மடக்கிய கை, அச்சத்துக்குச் சிலந்தி. வன்முறையையும் அச்சத்தையும் யாரோ பிரித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது எங்களுக்கு வியப்பாக இருந்தது. அன்று எங்கள் மகளை வதைத்தது ரத்தமன்று, அச்சம். மூடிய கைக்குள் அது சுகமாக வளர்ந்தது.

இப்போது பத்தாம் வகுப்பில் இருக்கும் அவள் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிப் பிடுங்கி வைத்துவிடுவாள் என்றே எதிர்பார்த்தோம். அவளோ சிலந்தியைச் சுட்டிக்காட்டி, "இதுல பயப்படுற மாதிரி ஏதோ வரும். நானும் பக்கத்துல உட்கார்றேன். பயமா இருந்தா நிறுத்திட்டு, என்ன பார்த்தேன்னு எங்கிட்ட சொல்லு" என்றாள்.

அவன் இரண்டு முறை நிறுத்தினான். இரண்டு முறையும் அவர்கள் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தோம்.