எரிய மறுத்த அவண்

குசினி, போறணை ஆகிய இரு சொற்களையும் போர்த்துக்கேயரே எமக்கு விட்டுச் சென்றனர். ஆயினும் போறணை என்றதும் பாண் சுடும் பேக்கரியின் பெரிய அடுப்பே எம்மவர் மனக்கண்ணில் தோன்றும். வீட்டு எரிவாயு அடுப்பின் கீழே பெட்டி போல் அமைந்திருப்பதை அவண் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வெள்ளவத்தையில் எமது தொடர்மாடி வீட்டிலிருக்கும் அந்த அவண்தான் அண்மையில் எரிய மறுத்தது.

மேலேயுள்ள அடுப்புகள் நன்றாகவே எரிந்தன. ஆகவே சிலிண்டரையோ ரெகியுலேற்றரையோ சந்தேகிக்கக் காரணமில்லை. அவணின் குமிழை அழுத்தித் திருப்பிப் பற்றவைத்தால் நீலச் சுவாலை ஒழுங்காக எழும். பதினைந்து வினாடிகள் அழுத்திப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தாலும் உடனே அணைந்துவிடும். பொறியே எழாவிட்டால் மின்னிணைப்பைப் பார்க்கவேண்டும். பொறி எழுந்தும் தீப்பற்றாவிட்டால் எரிவாயு வெளிவரும் சிறு துளையைக் கரியோ பூச்சியோ அடைத்திருக்கலாம். பற்றிய பின் அணைவது வேறு வகை நோய். அதற்குப் பெரும்பாலும் காரணம், சுவாலைக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் தேர்மோகப்பிள் என்னும் சிறு கோல்.

இரு வேறு உலோகங்களை இணைத்து ஒரு முனையைச் சூடாக்கினால் மின்சாரம் பிறக்கும். ஜெர்மனியரான சீபெக் 1821இல் கண்ட விளைவு இது. அவணில் பிறப்பது சில பத்து மில்லிவோல்ற்று மட்டுமே. அந்த அற்ப மின்சாரம்தான் எரிவாயு வால்வைத் திறந்து வைத்திருக்கும் காந்தத்துக்கு உயிர். தீ அணைந்தால் கோல் குளிரும், காந்தம் கைவிடும், வால்வு மூடிக்கொள்ளும். தீயே தனக்குக் காவல் நிற்கும் இந்த ஏற்பாட்டுக்குச் சுவர் மின்சாரம் தேவையில்லை. நாள்தோறும் பல மணி நேரம் இருளில் கிடந்த 2022லும் அது தன் கடமையைச் செய்தது.

திருத்த வந்த இளைஞர் கெட்டிக்காரர். ஐந்து நிமிடத்தில் நோயைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அவர் சொன்ன வைத்தியம் என்னைத் திடுக்கிட வைத்தது.

"ஐயா, இந்த வால்வைக் கழற்றி நேராகக் குடுத்துவிட்டால் பிறகு பிரச்சினையே வராது. செலவும் இல்லை."

"தம்பி, எரியும்போது காற்றடித்து அணைந்தால்?"

"மணம் வரும்தானே, ஐயா."

மணம் வரும் என்பது உண்மை. அந்த மணம் எரிவாயுவுக்கு இயல்பானதன்று, பின்னர் சேர்க்கப்படுவது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்ற ஊரின் பாடசாலையில் மணமற்ற எரிவாயு கசிந்து வெடித்தது. ஏறத்தாழ முந்நூறு பேர் மாண்டனர், பெரும்பாலோர் மாணவர். பின்னாளில் புகழ்பெற்ற வால்ட்டர் குரொன்கைட் அப்போது இருபது வயது நிருபராக அங்கே சென்றிருந்தார். எரிவாயுவுக்கு மணமூட்டும் சட்டம் டெக்சாஸில் அதன் பின்னரே வந்தது. ஆனால் உறங்குபவனுக்கு மணம் தெரியுமா? சிலிண்டர் வாயு காற்றிலும் பாரமானது. அது தரையோடு படிந்து கிடக்கும். எழுந்து வந்து யாரையும் எச்சரிக்காது. 2021இன் இறுதி மாதங்களில் இலங்கையின் வீடுகளில் அடுப்புகள் வெடித்த செய்திகள் வராத நாளே அரிது என்றிருந்ததை அந்தத் தம்பியும் மறந்திருக்க முடியாது.

கோலின் நுனியில் படிந்த கரியை மெல்லிய அரத்தாளால் தேய்த்துப் பார்த்தோம், பயனில்லை. பழையதைக் கழற்றிப் புறக்கோட்டைக்குக் கொண்டுபோய், அதே நீளத்தில் புதியதொன்றை வாங்கி வந்தார். பூட்டிய பின் சவர்க்கார நுரை தடவி, கசிவு இல்லையென்று உறுதி செய்தோம். முந்திய முயற்சிகளில் உள்ளே தேங்கிய வாயு கலைவதற்காகக் கதவையும் சன்னலையும் திறந்துவைத்து ஐந்து நிமிடம் பொறுத்திருந்தோம். எரியாத அவணின் குமிழை மீண்டும் மீண்டும் திருப்புவோர் இந்த ஐந்து நிமிடத்தைத்தான் தவறவிடுகின்றனர். பின்னர் பற்றவைத்தோம். கையை எடுத்தும் சுவாலை நின்றது.

தேநீர் அருந்தும்போது, அதே வைத்தியத்தை இதற்கு முன் எத்தனை வீடுகளில் செய்தீர்கள் என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "இரண்டு" என்றார். போய் மாற்றிக் கொடுக்கும்படி வற்புறுத்தினேன். மறுவாரம் தொலைபேசியில் அழைத்தார். ஒரு வீட்டில் பூட்டிக் கொடுத்துவிட்டாராம். மற்ற வீட்டார், நன்றாக எரிவதை ஏன் கெடுக்கவேண்டும் என்று கேட்டு அனுப்பிவிட்டனராம்.