மருந்தொடு மருந்து கூடின்

தொழுகையில் சிரம் தாழ்த்தி எழும்போது முழங்காலைப் பற்றிக்கொள்ளும் பெரியோர்களை எம்மூராகிய பெண்ணாடத்தில் நாள்தோறும் காண்கின்றோம். வளைகுடா நாடுகளில் பணியாற்றும் பிள்ளைகள் விடுமுறைக்கு வருங்கால், அத்தர்க் குப்பியுடன் மூட்டுவலிக்கான ‘குளுக்கோசமின்’ மாத்திரைகளையும் பெற்றோர்க்குக் கொணர்கின்றனர். அவ்வன்பைக் குறைகூற யாம் முற்படவில்லை. ‘இது மருந்தன்று, வெறும் சத்து மாத்திரையே’ என எண்ணி, மருத்துவரிடம் சொல்லாது விடும் வழக்கமே எமக்குக் கவலை தருகின்றது.

குளுக்கோசமின் பெரும்பாலும் இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலிருந்து எடுக்கப்படுவது. செயற்கை இதய வால்வு பொருத்தப்பெற்றோர் குருதி உறைந்து கட்டியாகாதிருக்க ‘வார்ஃபரின்’ உட்கொள்வர். இவ்விரண்டையும் சேர்த்து உண்ட சிலருக்குக் குருதியின் உறையுந்தன்மை அளவுக்கு மீறிக் குறைந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. அந்நிலையில் சிறு காயமும் நில்லாக் குருதிப்போக்காகலாம். தலையில் பட்ட அடி உயிருக்கே இடராகலாம்.

நம் அடுக்களைப் பொருள்களும் இதற்கு விலக்கல்ல. மஞ்சளின் ‘குர்குமின்’ உடலில் எளிதிற் சேர்வதன்று. அதனுடன் மிளகின் ‘பைப்பரின்’ 20 மில்லிகிராம் சேர்ப்பின், மனிதர் உடலில் அது சேரும் அளவு இருபது மடங்காகின்றது எனப் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998இல் கண்டனர். மூட்டுவலி மாத்திரைகள் பலவற்றில் மிளகுச் சாரம் இடம்பெறுதற்குக் காரணம் இதுவே. ஆயின், பைப்பரின் மஞ்சளை மட்டும் தேர்ந்து உதவுவதில்லை. வலிப்பு நோய்க்குரிய ‘பெனிடாயின்’, இதய நோய்க்குரிய ‘புரோப்ரனலால்’ ஆகியவற்றின் அளவையும் அது குருதியில் உயர்த்தவல்லது. இவ்வாற்றலையே துணைக்கொண்டு, 2009இல் வெளிவந்த காசநோய் மருந்தொன்றில் 10 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்து, 450 மில்லிகிராம் ‘ரிஃபாம்பிசின்’ இருந்த இடத்தில் 200 மில்லிகிராமே போதுமெனச் செய்தனர். அறிஞர் அளந்து செய்ததை நாம் அளவறியாது செய்தல் தகுமோ? குழம்பில் இடும் மிளகுக்கும் மஞ்சளுக்கும் அஞ்சவேண்டுவதில்லை. செறிவூட்டிய சாரத்திற்கே எச்சரிக்கை வேண்டும்.

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தபோது, நோயுற்றவனையே முதலில் வைத்தார். தன் நிலையை உள்ளவாறு உரைத்தல் அவன் கடமை என்பதை இதனால் உணரலாம். அவன் மறைப்பின், மருத்துவர் அறிவும் மருந்தின் திறனும் பயனிலவாகும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் அத்தாவும் அம்மாவும் உண்ணும் மாத்திரை, சூரணம், லேகியம் அனைத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது அத்தாளை அவர் கையிற் கொடுங்கள். எதனையும் தாமாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டா எனவும் பெற்றோர்க்கு எடுத்துரையுங்கள். கற்ற கல்வி இல்லத்திற்குப் பயன்படும் வழிகளுள் இதுவும் ஒன்று.